குப்பி மலையிறங்கினால் போதும்

வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டால், பல்லைப் பற்றிய யோசனை எனக்குப் பின்னுக்குப் போய்விடும். ஈரமுள்ள வாயில் அந்தக் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடும். வறண்ட வாயில் கன்னத்தின் உட்தோலைப் பிடித்து இழுக்கும். எடுக்கும்போது மெல்லிய சத்தம்கூட வரும். கொல்லிமலைச் செம்மேட்டில் பல் பார்க்க உட்கார்ந்ததிலிருந்து இந்த ஒட்டலை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். பல்வலி என்றுதான் வருவார்கள். வாயைத் திறந்தால், ஈறு ஓரமாகப் பல்லின் கழுத்தைச் சுற்றிச் சொத்தை ஓடியிருக்கும். வழக்கமான சொத்தை மெல்லும் பரப்பிலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலும் விழும். கழுத்திலும் முன்பல்லின் நுனியிலும் விழுந்தால், அந்த வாயில் எச்சில் காவல் இல்லை என்று பொருள்.

"களி எறங்க மாட்டேங்குதுங்க டாக்டரம்மா, தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் முழுங்கறேன்" என்றார் வளப்பூர் நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மா. அதுவும் நான் கேட்ட பிறகு. ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பது, கண் உறுத்தல், விடிந்ததும் விரல் மூட்டுகளை மடக்க முடியாத வலி, இவை எல்லாவற்றுக்கும் அவரே காரணம் சொல்லி முடித்து வைத்திருந்தார்: வயசாச்சு, மிளகு உருவின கை, மலைக் குளிரு. மூட்டுக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தார். நானும் அதைக் குடிப்பவள்தான், அதைக் குறை சொல்லவில்லை. வாய் காய்வதற்கு அவர் செய்துகொண்ட வைத்தியம்தான் என்னைக் கலங்கடித்தது. நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். எச்சில் இல்லாத வாயில் சர்க்கரை இப்படி நின்றால் பல் ஒரு வருஷம் தாங்குவதே பெரிது.

வாய் வறட்சி என்று வருகிற எல்லோருக்கும் பெரிய நோய் இருப்பதில்லை. முதலில் மாத்திரை அட்டைகளை எடுத்து வரச் சொல்வேன். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சிலவகை சிறுநீர்ப்பை மாத்திரைகள் எல்லாம் எச்சிலை வற்றவைக்கும். அடுத்து சர்க்கரை அளவு. கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு வைத்தியம் செய்துகொண்டதுண்டா என்று ஒரு கேள்வி. இவையெல்லாம் இல்லை, கண்ணும் காய்கிறது, மூட்டும் வலிக்கிறது என்றால்தான் ஷோகிரன் நோயை நினைப்பேன்.

உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் உள்ளே புகுந்து அவற்றைக் கெடுப்பது இந்த நோய். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். அது குறைந்தால் பல் போகும், வாய்ப்புண் வரும், பூஞ்சை படரும். நோய் வாயோடும் நிற்காது. சிறுநீரகத்தைத் தொட்டால் பொட்டாசியம் உடம்பில் தங்காமல் வெளியேறி, காலையில் எழுந்திருக்கும்போது கால் தூக்க வராமல் போகும். நம் நாட்டு மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார்கள். நுரையீரலும் நரம்பும்கூடத் தப்புவதில்லை. நூற்றில் ஐந்து பேர் அளவுக்குப் பிற்காலத்தில் நிணநீர்ப் புற்றுநோய் வரலாம் என்பதால், இந்த நோயாளிகளை ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

1933இல் ஸ்வீடனில் ஹென்ரிக் ஷோகிரன் என்ற கண் மருத்துவர், கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு நோயும் இருந்தது. ஆய்வேட்டுக்குப் போதிய தரம் கிடைக்காமல் பல்கலைக்கழக ஆசிரியராகும் வாய்ப்பு அவருக்குக் கைநழுவியது. கண்ணையும் வாயையும் மூட்டையும் ஒரே நோய்க்குள் வைத்துப் பார்த்தவருக்கு அன்று ஸ்டாக்ஹோமில் கிடைத்த மரியாதை அது. நம் பக்கம் இன்றைக்கும் கண்ணுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு நான். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்காருவதே இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மூட்டு நோய்த் துறையினர் 332 ஷோகிரன் நோயாளிகளைப் பற்றி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வறட்சியைத் தாமாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே என்று கண்டார்கள். கேட்காவிட்டால் நம் பெண்கள் சொல்லமாட்டார்கள்.

கேட்டாயிற்று, சந்தேகமும் வந்தாயிற்று. அதை எப்படி உறுதி செய்வது? 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு நோய் அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் கணக்கு வகுத்தன. ஆய்வுக்காக வகுத்தது என்றாலும் மருத்துவர்கள் மனசுக்குள் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். கீழிமையில் வடிதாள் பட்டை ஒன்றைச் செருகி, 5 நிமிடத்தில் 5 மி.மீ. வரைதான் நனைகிறது என்றால் 1 மதிப்பெண். கண்ணில் சாயம் விட்டுப் பார்த்து, விழிப்பரப்பின் சேதம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் 1. சும்மா இருக்கும்போது ஊறும் எச்சில் நிமிடத்துக்கு 0.1 மி.லி.யைத் தாண்டாவிட்டால் 1. ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருந்தால் 3. உதட்டுச் சுரப்பியை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் நோயின் அடையாளம் இருந்தால் 3. நோய் என்று சொல்ல மொத்தம் 4 வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். முதல் மூன்றும் சேர்ந்தால்கூட 3தான். ரத்தமோ உதட்டுச் சதையோ சாட்சி சொல்லாமல் கணக்கு தீராது.

முதல் மூன்றில் எச்சில் அளவையை என் கிளினிக்கிலேயே செய்கிறேன். கோடு போட்ட ஒரு குழாயும் புனலும் போதும். 15 நிமிடம் பேசக்கூடாது, மெல்லக்கூடாது. ஊறுவதைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் முன்னால் துப்புவதற்கு இங்கே எல்லாப் பெண்களும் கூச்சப்படுவார்கள். "அட, துப்புங்கம்மா, அதுக்குத்தான காசு வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் குழாயின் அடியில் கொஞ்சம் நுரை மட்டும் இருக்கும். ஒன்றரை மி.லி. கோடு மேலே எங்கேயோ நிற்கும்.

ஆன்டி-ரோ பரிசோதனை வெளி லேபுகளில் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். செலவழித்தாலும் ஷோகிரன் நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது ரத்தத்தில் தென்படாது. ரத்தம் சொல்லாததை உதடுதான் சொல்ல வேண்டும். ஆன்டி-ரோ இருந்து, எச்சிலோ கண்ணீரோ குறைந்திருப்பதும் அளவையில் தெரிந்துவிட்டால் உதட்டில் கத்தி வைக்கத் தேவையில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் சதை எடுங்கள் என்று நான் எழுதவில்லை.

உதட்டில் ஏன்? காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் நாக்குக்கு அடியிலும் இருக்கும் மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் தவிர, நம் வாயின் உட்தோலுக்கு அடியில் 600 முதல் 1,000 வரை குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரிய சுரப்பியில் நடக்கும் சேதம் இவற்றிலும் நடக்கிறது. காது முன்சுரப்பியில் கத்தி வைத்தால் முக நரம்பைப் பார்த்து வைக்க வேண்டும். இன்றும் சில நாடுகளில் செய்கிறார்கள், அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும். கீழுதடு அப்படியில்லை. 1968இல் சிஷோம், மேசன் என்ற இருவர் கீழுதட்டுக் குட்டிச் சுரப்பிகளை எடுத்து, அதில் வெள்ளணுக் கூட்டங்களை எண்ணிக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். 1974இல் சான்பிரான்சிஸ்கோவில் கிரீன்ஸ்பான், டேனியல்ஸ் குழுவினர் அதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் இங்கேதான் இருக்கிறது. கீழுதட்டின் உட்பக்கம், நடுக்கோட்டுக்கும் வாயோரத்துக்கும் இடையில், வெளியே தெரியாத இடத்தில் மரப்பு ஊசி போடுவோம். பல் பிடுங்கும்போது போடுகிற அதே லிக்னோகைன்தான். உதட்டை வெளியே மடக்கிப் பிடித்து, உட்தோலில் ஒரு செ.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாக ஒரு கீறல். விரலால் வெளியிலிருந்து அழுத்தினால் சுரப்பிகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும். பாதி வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். நம் குச்சிக்கிழங்கு கீழே போய் எந்த உருவில் திரும்பி வருகிறதோ அந்த உருவம். சுற்றியுள்ள மெல்லிய நரம்பு இழைகளைத் தொடாமல் நாலைந்து சுரப்பிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். சின்னதாக இருந்தால் இன்னும் இரண்டு. இரண்டு மூன்று தையல். அரை மணி நேர வேலை. ஒரு வாரம் மிளகாய் சேர்க்காமல் சாப்பிட வேண்டும். சிலருக்கு உதட்டில் கொஞ்ச நாள் மரத்த உணர்ச்சி இருக்கும். மிகச் சிலருக்கு ஒரு சின்ன இடத்தில் அது நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். கையெழுத்து வாங்கும்முன் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் நாளைக்கு அந்த அம்மா மட்டுமல்ல, அவர் ஊரே கத்திக்கு வராது.

எடுத்ததை 10 சதவீத ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போட்டு மூட வேண்டும். உப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ அல்ல. ஃபார்மலினில் விழுந்த சதை கெடாது. ஐஸ் பெட்டி வேண்டாம், அவசரம் வேண்டாம். கட்டைவிரல் அளவுக் குப்பி அது.

இதைச் செய்ய ஆபரேஷன் தியேட்டர் வேண்டியதில்லை, மயக்க மருந்து டாக்டர் வேண்டியதில்லை. பல் நாற்காலி, நல்ல வெளிச்சம், ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய கருவிகள், வாயில் கீறித் தைக்கத் தெரிந்த கை இருந்தால் ஆகும். கடைவாய்ப் பல்லை அறுத்தெடுக்கிற எந்தப் பல் மருத்துவரும் பழகிக்கொள்ளக்கூடியது. தாலுகா மருத்துவமனைகள் பலவற்றில் பல் மருத்துவர் இருக்கிறார். ஆனாலும் இன்று நடப்பது என்ன? சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் காரவல்லி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்குகிறார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு வாந்தி. எச்சில் வற்றிய வாயில் வாந்தி என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கூலி போகிறது, கூட வருகிறவர் கூலியும் போகிறது. கீழே போனால் இன்று சீட்டு, அடுத்த வாரம் ஊசி, அதற்கடுத்த வாரம் ரிப்போர்ட். இரண்டாம் முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் எழுதிக் கொடுத்த சீட்டு அரிசி டப்பாவில் கிடப்பதைப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் கேட்பது இதுதான்: பெண் இங்கே இருக்கட்டும், குப்பி கீழே போகட்டும். காசநோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் சளி, கர்ப்பிணியின் ரத்தம் எல்லாம் ஓரிடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் பார்க்கப்படுவது நம் அரசு மருத்துவத்துக்குப் புதிதல்ல. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறை இருக்கிறது, மைக்ராஸ்கோப் இருக்கிறது, சதையை மெழுகில் வைத்துச் சீவும் கருவி இருக்கிறது. பக்கத்தில் சேலத்திலும் உண்டு. வீட்டு வாசலில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, மருந்து நோயாளியைத் தேடிப் போக வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. பரிசோதனைக்கும் அதே நியாயத்தைக் கேட்கிறேன்.

கீழே இருப்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சதை எடுப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதி, கண்ணாடித் தகட்டைப் பார்க்கிறவர் கையில். ஐம்பது லிம்போசைட் அணுக்களுக்குக் குறையாமல் ஓர் எச்சில் குழாயையோ ரத்த நாளத்தையோ ஒட்டிக் கூடி நின்றால் அது ஒரு ஃபோகஸ். சுற்றியுள்ள சுரப்பித் திசு பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்க வேண்டும். இப்படி எத்தனை கூட்டம் என்று எண்ணி, பார்த்த சுரப்பியின் பரப்பால் வகுத்து, 4 சதுர மி.மீ.க்கு எத்தனை என்று எழுத வேண்டும். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த 3 மதிப்பெண். என் கைக்கு வந்த ஒரு ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி: நாள்பட்ட உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சி. எந்த லேப் என்று சொல்லப் போவதில்லை. வயதானாலே யார் சுரப்பியிலும் கொஞ்சம் அழற்சியும் நாரும் இருக்கும். கல் அடைத்தாலும் இருக்கும். எண்ணாமல் எழுதிய அழற்சி என்ற சொல்லை வைத்து ஒரு மூட்டு நோய் மருத்துவர் என்ன செய்வார்? உதட்டைக் கொடுத்த பெண்ணிடம் இன்னொரு முறை உதட்டைக் கேட்பதா? தகடும் மெழுகுக் கட்டியும் கைவசம் இருந்ததால் வேறிடத்தில் கொடுத்து எண்ணி வாங்கினோம். அந்தக் கட்டியையும் கொடுக்க அலைக்கழித்தார்கள் என்பது தனிக் கதை.

எத்தனை சுரப்பி வந்தது, எத்தனை சதுர மி.மீ. பார்த்தோம், ஃபோகஸ் ஸ்கோர் எவ்வளவு: ரிப்போர்ட் தாளில் இந்த மூன்று கட்டங்களை அச்சடித்துவிட்டால் நிரப்பாமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. சதை போதாவிட்டால் போதவில்லை என்று எழுதட்டும், அதுவும் ஒரு பதில்தான். இதே தகட்டில் சில சமயம் அமிலாய்டு படிவு தெரியும், சார்காய்டோசிஸின் முடிச்சு தெரியும். ஷோகிரன் என்று நினைத்து எடுத்து வேறொன்று அகப்பட்டால் அதற்கான வைத்தியம் தொடங்கும். எடுத்தது வீண் போகாது.

மலையில் எனக்குக் கிடைக்கும் பெரிய எதிர்ப்பு இதில் எதைப் பற்றியும் அல்ல. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாலே கேன்சர் என்று எங்கள் ஊரில் அர்த்தம். "கத்தி பட்டா பரவிருமாமே?" என்று கேட்காதவர் கிடையாது. வளப்பூர் அம்மாவின் கணவர் என் கிளினிக் வாசலில் நின்று, "கேன்சர்னா நேரா சொல்லீருங்க டாக்டரம்மா, நான் தாங்கிக்கறேன்" என்றார். அந்த அம்மா உள்ளேயிருந்து, "தாங்கிக்க வேண்டியது நானு, அவரு எதுக்குத் தாங்கறாரு?" என்று கத்தினார். வாய் உலர்ந்து கிடந்தாலும் பேச்சு உலரவில்லை. இந்தப் பயத்தைப் போக்க போஸ்டர் உதவாது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி செம்மேட்டிலேயே சதை கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே வீட்டில் அடுப்பு மூட்டினாள் என்ற செய்தி உதவும். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே பயத்தை வளர்க்கிறது. பெரிய நோய்க்குத்தானே பெரிய ஆஸ்பத்திரி.

நோய் என்று தெரிந்து என்ன பயன், தீர்க்க மருந்து உண்டா என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். வேரோடு தீர்க்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் எச்சிலைச் சுரக்கத் தூண்டும் பைலோகார்பின் உண்டு. மூட்டுக்குப் பலருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கிறார்கள். கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர். பல்லுக்கு ஃபுளோரைடு பூச்சு, சர்க்கரையில்லாத மிட்டாய். பல்லை நானே காப்பாற்றிக் கொடுக்க முடியும், காரணம் தெரிந்தால். பொட்டாசியம் குறைந்தால் அதை ஈடு செய்யலாம். காதோரம் வீக்கம் நிலைத்து நின்றால் உடனே பார்க்கச் சொல்லி அனுப்பலாம். ஆன்டி-ரோ உள்ள தாயின் வயிற்றுப் பிள்ளைக்கு நூற்றில் ஓரிருவருக்கு இதயத் துடிப்பு தடைப்படும் ஆபத்து உண்டு என்பதால், இளவயதுப் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் ஸ்கேன் பார்க்கும் விதமே மாறும். அந்த வயதில் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

உறுதியான பிறகு இவர்கள் எப்படியும் சில தடவை மலையிறங்கத்தான் வேண்டும். சேலத்திலோ வேலூரிலோ சென்னையிலோ மூட்டு நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே போய் உட்காரும்போது கையில் எண் எழுதிய ரிப்போர்ட் இருந்தால் முதல் நாளே மருந்துச் சீட்டு கிடைக்கும்.

நான் தனியாகக் கிளினிக் வைத்திருப்பவள், அரசு சம்பளம் வாங்குகிறவள் அல்ல. செம்மேடு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு பிற்பகல் பல் நாற்காலியைக் கொடுத்தால், காசு வாங்காமல் வந்து இந்தச் சதையை எடுத்துத் தருகிறேன். அங்கே இருக்கும் இளம் டாக்டர்களுக்குக் கூடவே நின்று சொல்லியும் கொடுக்கிறேன். நாமக்கல் கல்லூரி எண்ணித் தர ஒப்புக்கொள்ள வேண்டும், மாவட்ட சுகாதார அதிகாரி குப்பிக்கு ஒரு வண்டி சொல்ல வேண்டும்.